ஃப்ளை ஆஷும் கிரஷர் டஸ்டும் சேர்த்து உறுதியான பேவர் பிளாக் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

அனல்மின் நிலையச் சாம்பலை, அதாவது ஃப்ளை ஆஷைப் போட்டால் பேவர் பிளாக் கல் உறுதியாகும், சிமெண்ட் செலவும் குறையும் என்று கேள்விப்பட்டு ஒரு லோடு இறக்குவார்கள். சிமெண்டைக் கண்ணளவில் குறைப்பார்கள். பத்தாம் நாள் கல் லாரி ஏறும். அடுத்த மாதம் ஓரம் உதிர்கிறது என்று போன் வரும். பழி சாம்பல் மேல் விழும். நான் பார்த்த பட்டறைகளில் பெரும்பாலும் தப்பு சாம்பலில் இல்லை, செய்த வரிசையில்தான் இருந்தது.

இங்கே சொல்வது பிவிசி அச்சு, வைப்ரேட்டர் டேபிள் வைத்துச் செய்யும் சிறிய பட்டறைக்கு. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அடிக்கும் வறண்ட கலவைக்குத் தண்ணீர்க் கணக்கே வேறு, இந்த அளவுகளை அப்படியே அங்கே போடாதீர்கள்.

1. முதலில் கல் எங்கே போகப்போகிறது என்று முடிவு செய்யுங்கள்

பேவர் பிளாக்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 15658. 2006இல் வந்த அதன் பதிப்பு, ஆள் மட்டும் நடக்கும் இடத்துக்கு எம்30, கார், வேன் வந்துபோகும் இடத்துக்கு 60 மி.மீ. தடிமனில் எம்35, நகரத் தெரு அளவுக்குப் போக்குவரத்து உள்ள இடத்துக்கு 80 மி.மீ. தடிமனில் எம்40 என்று பிரித்தது. இந்த வழிகாட்டியில் 80 மி.மீ. எம்40 கல்லையே எடுத்துக்கொள்கிறேன்.

எம்40 என்றால் சதுர மி.மீ.க்கு 40 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் கல். ஆனால் 40ஐக் குறிவைத்தால் பாதிக் கல் அதற்குக் கீழே நிற்கும். சின்னப் பட்டறையில் கல்லுக்குக் கல் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். அதனால் கலவையின் சராசரி 48 வருமாறு பாருங்கள் (40 + 1.65 × 5 என்பது வழக்கமான கணக்கு).

2. கையில் இருக்க வேண்டியவை

தராசு. இது இல்லாவிட்டால் மற்றதைப் படிக்கவே வேண்டாம். 100 கிலோ வரை நிறுக்கும் தட்டுத் தராசு ஒன்று, அட்மிக்சருக்கு (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனம்) கிராம் தராசு ஒன்று.

அதற்கு மேல்: ஓபிசி (சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லேண்ட்) 53 கிரேடு சிமெண்ட், 6 முதல் 10 மி.மீ. வரையிலான சிப்ஸ் ஜல்லி, கழுவிய எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்), பிசிஇ (பாலிகார்பாக்சிலேட் ஈதர்) வகை அட்மிக்சர், 45 மைக்ரான் மற்றும் 75 மைக்ரான் சல்லடை, பழைய வாணலி, கேஸ் அடுப்பு, மூன்று நாள் உற்பத்தியாவது முழுதாக மூழ்கும் தண்ணீர்த் தொட்டி.

சிமெண்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிபிசி எனும் கலப்பு சிமெண்ட் மூட்டைக்குள் ஏற்கெனவே ஃப்ளை ஆஷ் இருக்கிறது. 35 சதவீதம் வரை இருக்கலாம். அதன்மேல் நீங்களும் 20 சதவீதம் போட்டால் பசைப்பொருளில் ஏறக்குறைய பாதி சாம்பலாகிவிடும். புதியவர்கள் தடுக்கி விழுவது அதிகமும் இங்கேதான். மூட்டையின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று லோடு இறங்கும்போதே பாருங்கள்.

3. சாம்பலைத் தேர்ந்தெடுப்பது

ஒரே அனல்மின் நிலையத்திலிருந்து இரண்டு விதமான சாம்பல் வரும். புகைபோக்கிக்குப் போகும் வழியில் மின்புலத்தால் பிடித்து, சைலோவிலிருந்து காய்ந்த தூளாகத் தருவது ஒன்று. தண்ணீரோடு கலந்து குட்டையில் விட்டு, பிறகு அள்ளித் தருவது இன்னொன்று. நமக்கு வேண்டியது முதல் வகை. குட்டைச் சாம்பல் பருமனாக இருக்கும், கொதிகலன் அடியில் விழுந்த சாம்பலும் கலந்திருக்கும், மழையிலும் வெயிலிலும் கிடந்து வீரியம் போயிருக்கும். அது சிமெண்ட் வேலை செய்யாது. லாரிக்காரர் இரண்டையும் "ஆஷ்" என்றே சொல்வார். மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை என எங்கிருந்து வந்தாலும் "சைலோ சாம்பலா, குட்டைச் சாம்பலா" என்று கேட்டுவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம்? சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உபரியாகச் சுண்ணாம்பு வெளிவருகிறது. அந்தச் சுண்ணாம்பால் கல்லுக்கு வலு கிடையாது. சில சமயம் மேலே வெள்ளையாகப் பூத்து அசிங்கமும் செய்யும். நயமான சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து, சிமெண்ட் தருவது போன்ற பசையாகவே மாற்றிக்கொள்கிறது. துகள் எவ்வளவு நயமோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். பருத்த துகள் வெறும் மணலாகக் கிடக்கும்.

கையில் தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர் போல வழுக்கினால் சரி, நறநறவென்றால் வேண்டாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு ஸ்பூன் தூவுங்கள். வெளிறிய படலம் மிதந்தால் பயமில்லை, உள்ளே காற்றடைத்த நுண்ணுருண்டைகள் அவை. கறுப்புப் படலம் என்றால் எரியாத கரி. கரி அட்மிக்சரைக் குடித்துவிடும், கல்லின் நிறத்தையும் மங்க வைக்கும்.

சப்ளையரிடம் சோதனைச் சான்று கேளுங்கள். ஐஎஸ் 3812 முதல் பாகத்தின்படி 45 மைக்ரான் சல்லடையில் ஈரமாகச் சலித்தால் தங்குவது 34 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எரித்தால் இழக்கும் எடை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முதல் சோதனையை நீங்களே செய்யலாம். 100 கிராம் எடுத்துச் சல்லடையில் குழாய்த் தண்ணீரால் கழுவி, தங்கியதைக் காயவைத்து நிறுத்தால் போதும்.

நெய்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கு: பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தண்ணீர் பட்டால் தானாகவே கொஞ்சம் இறுகும். நடத்தை வேறு என்பதால் அதற்குத் தனியாகச் சோதனைக் கலவை போட்டுத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும்.

4. கிரஷர் டஸ்ட்

எம்-சாண்ட் வேறு, டஸ்ட் வேறு. எம்-சாண்ட் மணலுக்காகவே வடிவம் பார்த்து உடைத்துக் கழுவியது. டஸ்ட், ஜல்லி உடைக்கும்போது கீழே விழும் மிச்சம். முனை கூராக, சப்பட்டையாக, தூசி அதிகமாக இருக்கும்.

பாறைத் தூசி இருப்பது தப்பில்லை. உடைத்த கல் மணலில் 75 மைக்ரானுக்குக் கீழே 15 சதவீதம் வரை ஐஎஸ் 383 அனுமதிக்கிறது. மணல் இடுக்குகளை அந்தத் தூசி அடைத்துக் கல்லை இறுக்கமாக்கும். மண்தான் எதிரி. குவாரியின் மேலடுக்கில் வெட்டிய பாறை என்றால் களிமண் கலந்தே வரும். ஒரு பிடியை நனைத்து உருட்டுங்கள். மஞ்சளாகக் கையில் ஒட்டிக்கொண்டு உருண்டை நின்றால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். களிமண் ஜல்லிக்கும் பசைக்கும் நடுவே படலம் போட்டு ஒட்டவிடாமல் செய்துவிடும்.

டஸ்ட் மட்டும் போட்டால் கலவை முரடாகி இன்னும் தண்ணீர் கேட்கும். ஃப்ளை ஆஷ் துகளோ உருண்டை. குண்டுமணி போல மற்றத் துகள்களை உருளவிடும். ஒன்று கேட்கும் தண்ணீரை மற்றொன்று மிச்சம் பிடிக்கிறது. இரண்டையும் நான் ஜோடியாகச் சொல்வது இதனால்தான். தனித்தனியாகப் போட்டுத் தோற்றவர்கள் சேர்த்துப் போட்டு ஜெயித்ததைப் பார்த்திருக்கிறேன்.

5. நான்கு சோதனைக் கலவைகள், இதே வரிசையில்

சாம்பல், டஸ்ட் என்று எல்லாக் கழிவையும் ஒரே நாளில் கொட்டிவிட்டால், கல் கெட்டாலும் எதனால் என்று தெரியாது, நன்றாக வந்தாலும் தெரியாது. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

100 லிட்டர் கலவைக்கு அளவு இது. 200 × 100 × 80 மி.மீ. கல் ஒன்று 1.6 லிட்டர் பிடிக்கும். சேதாரம் போக 60 கல் வரும்.

முதல் கலவையில் கழிவே வேண்டாம். சிமெண்ட் 42 கிலோ, எம்-சாண்ட் 86, சிப்ஸ் 93, தண்ணீர் 16 லிட்டர், அட்மிக்சர் சுமார் 335 கிராம். இதுவே 48 தொடவில்லை என்றால் உங்கள் ஜல்லி, அதிர்வு, க்யூரிங் (வார்த்த கல்லை ஈரம் காயாமல் வைத்திருப்பது) ஏதோ ஒன்றில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் சாம்பலைத் தொடாதீர்கள். ஓட்டைப் படகில் நல்ல துடுப்பு என்ன செய்யும்?

இரண்டாவதில் சிமெண்ட் 33, சாம்பல் 9, மற்றது அப்படியே. மூன்றாவதில் சிமெண்ட் பழையபடி 42, மணல் மட்டும் 60 ஆகி டஸ்ட் 26. நான்காவதில் இரண்டும் சேரும்: சிமெண்ட் 33, சாம்பல் 9, எம்-சாண்ட் 60, டஸ்ட் 26, சிப்ஸ் 93, தண்ணீர் 16, அட்மிக்சர் அதே அளவு.

இரண்டாவது கலவை முதலாவதைவிட இளக்கமாக இருக்கும். அப்போது கலவையை அப்படியே விடாமல் தண்ணீரை அரை லிட்டர் குறைத்துப் பாருங்கள். சாம்பல் தரும் லாபத்தில் ஒரு பங்கு இந்த அரை லிட்டரில்தான் இருக்கிறது. மூன்றாவது இறுகி நிற்கும்; அங்கே தண்ணீரைக் கூட்டாமல் அட்மிக்சரைக் கொஞ்சம் கூட்டுங்கள், அதன் டப்பாவில் சொன்ன உச்ச அளவைத் தாண்டாமல்.

சாம்பலை 9 கிலோவுக்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. அதற்கு மேல் போனால் மறுநாள் அச்சிலிருந்து கழற்றும்போதே ஓரம் உடையத் தொடங்கும். அச்சு இரண்டு நாள் முடங்கினால் சிமெண்டில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

6. எடையும் ஈரமும்

பாண்டு (கலவை தூக்கும் சட்டி) கணக்கில் அளக்காதீர்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர். அதே 35 லிட்டரில் உதிரியான சாம்பல் 30 முதல் 35 கிலோதான் நிற்கும். ஒரு பாண்டு சிமெண்டை எடுத்துவிட்டு ஒரு பாண்டு சாம்பல் போட்டவர் உண்மையில் பசைப்பொருளையே குறைத்துவிட்டார். அப்புறம் "சாம்பல் போட்டேன், கல் பலவீனமாகிவிட்டது" என்பார்.

அடுத்து மணல் ஈரம். தினமும் காலையில் ஒரு கிலோ மணலை வாணலியில் வறுத்து நிறுங்கள். 952 கிராம் மிஞ்சினால் ஈரம் 5 சதவீதம். 60 கிலோ மணலில் அது சுமார் 3 லிட்டர். மணல் தனக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்வது 2 சதவீதம் என்று வைத்தால், அந்த 1.2 லிட்டர் போக 1.8 லிட்டர் கலவைக்குள் வந்துவிடும். ஆகவே தண்ணீரில் 1.8 லிட்டர் குறைத்து, மணலில் 1.8 கிலோ கூட்ட வேண்டும்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? 42 கிலோ பசைப்பொருளுக்கு (சிமெண்டும் சாம்பலும் சேர்த்து) 16 லிட்டர் தண்ணீர் என்றால் விகிதம் 0.38. 17.8 லிட்டர் என்றால் 0.42. எம்40 கனவு அங்கேயே எம்35 பக்கம் இறங்கிவிடும். மழை பெய்த மறுநாள் கல் மட்டும் ஏன் பலவீனம் என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இந்த வாணலியில் இருக்கிறது.

டஸ்ட் காய்ந்து கிடந்தால் கதை தலைகீழ். கலவைத் தண்ணீரை அதுவே குடித்துவிடும். முந்தின நாள் மாலை லேசாகத் தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள்.

7. கலக்கும் வரிசை

சிமெண்டையும் சாம்பலையும் முதலில் காய்ந்த நிலையில், நிறம் ஒன்றாகும் வரை கலந்து தனியே வையுங்கள். மிக்சரில் நேராகச் சாம்பலைக் கொட்டினால் ஈரம் பட்டுக் கோலிக்குண்டாகத் திரளும். கல்லை உடைத்துப் பார்க்கும்போது உள்ளே வெளிறிய புள்ளி தெரிந்தால் அது இந்தத் திரள்தான்.

மிக்சருக்குள் சிப்ஸ், பாதித் தண்ணீர், பிறகு மணலும் டஸ்டும். அரை நிமிடம் ஓடிய பின் சிமெண்ட்-சாம்பல். அட்மிக்சரை மீதித் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் காய்ந்த டஸ்ட் அதை உறிஞ்சிவிடும், சிமெண்டுக்கு மிஞ்சாது. எல்லாம் விழுந்த பின் மூன்று, நான்கு நிமிடம் ஓடட்டும். சாம்பல் கலவை முதல் நிமிடத்தில் வறண்டது போலத் தெரியும், பிறகு தானாக இளகும். அதற்குள் பொறுமை இழந்து ஒரு மக் தண்ணீர் ஊற்றும் கையைத்தான் தடுக்க வேண்டும்.

8. அச்சும் அதிர்வும்

அச்சுக்குப் பழைய என்ஜின் ஆயில் தடவாதீர்கள்; கறை போகாது. அச்செண்ணெய் மெலிதாகப் போதும்.

நிற முகப்புக் கலவையை (கல்லின் மேற்புறமாக வரும் அடுக்கு) 8 முதல் 10 மி.மீ. முதலில் ஊற்றுங்கள். அதில் டஸ்ட் வேண்டாம், டயர் தேய்ப்பது அந்த அடுக்கைத்தான். மஞ்சள், சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களுக்குச் சாம்பலும் வேண்டாம். முகப்பு இறுகும் முன்பே பின் கலவை (மேலே அளவு சொன்ன கலவை) விழ வேண்டும், இல்லையென்றால் இரண்டும் தோல் உரிவது போலப் பிரியும்.

பின் கலவையை இரண்டு தடவையாக நிரப்பி, குமிழி வருவது நிற்கும்வரை அதிர்த்தால் போதும். அதற்கு மேல் ஓட்டினால் ஜல்லி கீழே போய், சாம்பல் பசை மட்டும் மேலே மிதக்கும். போதவில்லை என்றால் உள்ளே காற்று நிற்கும். ஒரு சதவீதக் காற்றுக்குச் சுமார் 5 சதவீத உறுதி போகும் என்பது கான்கிரீட் வேலையில் எல்லாரும் அறிந்த கணக்கு. மறுநாள் கல்லை நிறுத்துப் பாருங்கள். இந்த அளவு கல் 3.8 கிலோ பக்கம் இருக்க வேண்டும், 3.6 என்றால் உள்ளே பொந்து.

9. கழற்றுவதும் க்யூரிங்கும்

கோடையில் 24 மணி நேரத்தில் கழற்றலாம். மார்கழிக் குளிரில் சாம்பல் கல்லுக்கு 36 மணி நேரமாவது கொடுங்கள். வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தை நகத்தால் கீறினால் தூள் வரக் கூடாது.

வழக்கமான கல்லுக்கு ஏழு நாள் தண்ணீர் காட்டிவிட்டு அடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சாம்பல் கல்லுக்கு அது போதவே போதாது. சாம்பல் சுண்ணாம்பைப் பிடிக்கும் வேலை மெதுவாக, வாரக்கணக்கில் நடப்பது. தண்ணீர் வற்றிய கணம் அந்த வேலை நின்றுவிடும். பிறகு நனைத்தாலும் விட்ட இடத்திலிருந்து முழுதாகத் தொடராது. சாம்பல் சேர்ந்த கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் என்று ஐஎஸ் 456 சொல்கிறது, 14 நாளைப் பரிந்துரைக்கிறது. நான் 14க்குக் கீழே இறங்குவதில்லை.

தொட்டியில் மூன்று நாள் மூழ்கடித்து, மீதி நாள் நிழலில் அடுக்கிச் சாக்குப் போட்டு நனைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் மூடுங்கள். வெயிலில் அடுக்கிக் காலையும் மாலையும் ஹோஸ் பிடிப்பது க்யூரிங் ஆகாது. நடுப்பகலில் கல் காய்ந்து, மாலையில் நனைந்து, மறுபடி காய்கிறது.

10. சோதனை

ஒவ்வொரு கலவையிலும் 18 கல் ஒதுக்குங்கள்: 7 நாளுக்கு மூன்று, 28 நாளுக்கு எட்டு, 56 நாளுக்கு நான்கு, நீர் உறிஞ்சலுக்கு மூன்று. ஒரே ஒரு நல்ல கல்லை லேபுக்கு எடுத்துப் போவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

7ஆம் நாள் சாம்பல் கல் முதல் கலவைக்குப் பின்தங்கியே வரும். இதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர். 28இல் இடைவெளி சுருங்க வேண்டும், 56இல் எட்டிப் பிடிக்க வேண்டும், பல சமயம் தாண்டும். 56லும் பின்தங்கினால் சாம்பல் பருமன், அல்லது க்யூரிங் போதவில்லை.

200 × 100 கல்லுக்கு 40 வர வேண்டுமென்றால் மெஷின் 800 கிலோநியூட்டன் அழுத்த வேண்டும். ஆயிரம் மட்டுமே தாங்கும் மெஷினில் 50க்கு மேல் அளக்க முடியாது. லேபை முன்கூட்டியே கேளுங்கள். தடிமனுக்கான திருத்தக் காரணியை (கல்லின் தடிமனைப் பொறுத்து முடிவைப் பெருக்கும் எண்) போட்டார்களா என்றும் அறிக்கையில் பாருங்கள்.

நீர் உறிஞ்சல் சராசரி 6 சதவீதத்துக்குள், எந்த ஒரு கல்லும் 7ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

11. மற்றக் கழிவுகள்

கோவைப் பக்கம் ஃபவுண்டரி (உலோக வார்ப்புப் பட்டறை) மணல் சும்மா கிடைக்கும். அதில் பெண்டோனைட் களிமண் இருப்பதால் தண்ணீர் அதிகம் கேட்கும். மணலில் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். பிசின் போட்டுச் செய்த கோர் மணல் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கு அச்சாவது) வேண்டாம்.

உங்கள் பட்டறையிலேயே உடைந்த கல்லை நொறுக்கி, சிப்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வரை முயலலாம். பழைய பசை ஒட்டியிருப்பதால் முதல் நாளே ஊறவைக்க வேண்டும்.

கண்ணாடியை மாவாக அரைக்க முடிந்தால் மட்டும். துண்டாகப் போட்டால் சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து, கொஞ்ச காலம் கழித்து உள்ளிருந்தே கல்லை விரிக்கும்.

பிளாஸ்டிக் துண்டு பசையோடு ஒட்டாது, அழுத்த உறுதியைக் குறைக்கும். லேத் பட்டறை இரும்புச் சுருள் முகப்பில் துருப்பிடித்துக் கறை விடும். சாயப்பட்டறைச் சேறு அபாயக் கழிவு. இலவசமாகத் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

12. தினசரி உற்பத்திக்குப் போகும்போது

நான்காவது கலவை 28 நாளில் 48ஐத் தொட்ட பிறகுதான் தினசரி உற்பத்திக்கு மாறுங்கள். தொடவில்லை என்றால் சாம்பலை 9இலிருந்து 7 கிலோவாக்கி, சிமெண்டை 35 ஆக்கி மறுபடி போட்டுப் பாருங்கள்.

எந்த அனல்மின் நிலையமும் ஒரே மாதிரி நிலக்கரியை வருடம் முழுக்க எரிப்பதில்லை. அதனால் சாம்பல் லோடுக்கு லோடு மாறும். ஒவ்வொரு லோடிலும் ஒரு பாட்டில் எடுத்து, தேதி ஒட்டி வையுங்கள். டம்ளர் சோதனையும் 45 மைக்ரான் சோதனையும் முடியும்வரை அந்த லோடைப் பழையதோடு கொட்டாதீர்கள்.

அடுக்கும் ஒவ்வொரு அட்டியிலும் வார்த்த தேதியைச் சாக்பீஸால் எழுதி, 28 நாள் ஆகாத அட்டியைச் சுற்றி ஒரு கயிறு கட்டிவிடுங்கள். ஆர்டர் அவசரம் என்று லாரி வந்து நிற்கும் நாளில் அந்தக் கயிறுதான் உங்களுக்குப் பதிலாகப் பேசும்.